பளிங்கு விட்ட மூச்சு

ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்து சேரும் பிள்ளைகளுக்கு நான் காட்டும் முதல் பரிசோதனை ஒன்றுதான். கண்ணாடிக் குவளைக்குள் வெள்ளைப் பளிங்குத் துண்டுகள் சிலவற்றைப் போடுவேன். அவற்றின் மேல் தண்ணீர் கலந்த ஐதான அமிலத்தைக் கொஞ்சமாக ஊற்றுவேன். அதுவரை சும்மா கிடந்த கல் சட்டென்று சீறத் தொடங்கும். நுரை பொங்கும். குமிழ்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே ஓடி வரும். கைபேசியை மேசைக்கடியில் மறைத்து வைத்திருக்கும் பிள்ளைகூட அந்த நேரம் நிமிர்ந்து பார்க்கும். யாராவது ஒருவர் கட்டாயம் ஆங்கிலத்தில் கேட்பார்: "மிஸ், அதுக்கு உயிர் இருக்கா?" இல்லை என்று சொல்வதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஐயரின் ஞாபகம் வந்து, பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமாகிவிடுகிறது.

நான் தெற்கு லண்டனில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் தமிழில் தொடங்கிய என் படிப்பு, சண்டைக்குள் இடையில் அறுந்து, இங்கே வந்து ஆங்கிலத்தில் முடிந்தது. அதனால் என் தலைக்குள் அந்தக் கல்லின் பெயர் இன்றைக்கும் கல்சியம் காபனேற்றுத்தான். அதிலிருந்து கிளம்பும் வாயு காபனீரொட்சைட்டு. நாம் வெளியே விடும் மூச்சில் இருப்பதும் அதுவே. கரும்பலகையில் எழுதும் சோக்கட்டி, சிப்பி, முட்டைக்கோது, பவளம், பளிங்கு எல்லாம் அடிப்படையில் ஒரே பொருள். அமிலம் பட்டால் எல்லாம் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும். உள்ளே கட்டுண்டு கிடந்த வாயு விடுபட்டு வெளியே வரும், மிச்சம் கரைந்து தண்ணீரோடு போய்விடும். இதை எத்தனையோ வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆனால் அதைப் பார்த்து நானே வாயடைத்து நின்றது ஒரு கோயில் மடைப்பள்ளியில்தான்.

அந்தக் கோயில் தோர்ண்டன் ஹீத் பக்கம் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் கோயில் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது. பழைய மண்டபம் ஒன்று, தரையில் நீலக் கம்பளம், சுவரோரம் சூடேற்றும் இரும்புப் பெட்டிகள், வாசலில் செருப்புத் தட்டு. கற்பூரம் கொஞ்சம் கூடிவிட்டால் புகை மணி அலறும். யாராவது துவாயை எடுத்துக்கொண்டு ஓடி அதற்கு விசிறுவார்கள். மந்திரத்தை ஒரு நொடிகூட நிறுத்தாமல் ஐயர் கண்ணால் மட்டும் சிரிப்பார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கோயில் எடுத்துக் கொடுத்த விசாவில் வந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். இருந்தாலும் ஐயர் ஐயர்தான், நான் "ஐயா" என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை "ரீச்சர்" என்பார். மனைவியும் சின்ன மகளும் ஊரில் இருந்தார்கள். விசா புதுப்பித்தால் அவர்களையும் கூப்பிட்டுவிடலாம் என்ற ஒரே நினைப்பில், கோயிலின் மேல்மாடி அறையில் தனியே காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி ஒன்றைச் சொன்னால் போதும், ஆள் எப்படிப்பட்டவர் என்று விளங்கிவிடும். குளிர்காலத்தில் அவர் அம்மனுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்ற மாட்டார். மடைப்பள்ளியிலிருந்த மின்சாரக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து, வாளியில் கலந்து, குழந்தைக்குப் பார்ப்பது போல மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகே எடுத்துக்கொண்டு போவார். நிர்வாகத்தில் சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "ஐயா, அம்மனுக்கு ஸ்வெட்டரும் பின்னிப் போடுவம்" என்று ஒருவர் பகிடி விட்டார். "பின்னித் தந்தா போடுவன்" என்று ஐயர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளைப் பளிங்கு அம்மன் அந்தக் கோயிலுக்கு வந்தது தற்செயலாகத்தான். இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த ஒரு குஜராத்தித் தம்பதி, வயதாகி மகனோடு போய் இருக்கப் புறப்பட்டபோது, தங்கள் வீட்டில் வைத்துக் கும்பிட்ட அம்மனை எங்கள் கோயிலுக்குத் தந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை அளவு உயரம். பால் போன்ற நிறம். இமை, மூக்கு, உதடு, கால் விரலின் நகம் வரைக்கும் அவ்வளவு நுட்பமாகச் செதுக்கியிருந்தார்கள். கொடுக்கும்போது அந்த அம்மா அழுத அழுகையில் எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. அவர்கள் வீட்டில் அந்தச் சிலையைக் குளிப்பாட்டுவது கிடையாது. துடைத்து, பட்டு உடுத்தி, மாலை போட்டு, விளக்குக் காட்டுவதோடு சரி. அது எங்கள் ஆட்களுக்குப் போதுமா? அம்மன் வந்து சேர்ந்த முதல் வாரமே, அபிஷேகம் செய்யாமல் வைத்திருப்பது சரியில்லை என்று பேச்சுத் தொடங்கிவிட்டது.

எங்கள் ஊரில் சிலை என்றால் கருங்கல். எண்ணெய், மஞ்சள், பால், தயிர், தேன், இளநீர், தேசிக்காய்ச் சாறு என்று பரம்பரை பரம்பரையாக எதை ஊற்றினாலும் கருங்கல் அசைந்துகொடுக்காது. தேசிக்காய் என்று நாங்கள் சொல்வது எலுமிச்சை. அந்த வரிசையை ஐயர் கண்ணை மூடிக்கொண்டும் செய்வார். கருங்கல்லுக்கென்று வந்த வழக்கத்தை லண்டனில் ஒரு பளிங்குச் சிலைக்கு அப்படியே செய்தோம். வேறு எந்தச் சனத்துக்கும் இந்தத் தவறு வந்திருக்க வழியில்லை. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பக்தி கொஞ்சம் கூடிப்போனதுதான் பிசகு.

அந்த வெள்ளிக்கிழமை நானும் கோயிலில் நின்றேன். எண்ணெய்க் காப்பு முடிந்து, சீயாக்காய் போட்டுக் கழுவி, ஒவ்வொன்றாக ஊற்றி, தேசிக்காய்ச் சாறு வந்தது. ஐயர் ஒரு செம்பை அம்மனின் தலையிலிருந்து மெல்லச் சரித்தார். சாறு முகத்தால் வழிந்து, மடியில் தேங்கி, பாதத்துக்கு இறங்கியது. அது போன வழியெல்லாம் வெள்ளையாக நுண்ணிய நுரை எழும்பியது. சீயாக்காய் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும், குமிழ்கள் உடையாமல் நின்றன. மார்பில் இருந்த நுரை மெல்ல உயர்ந்து தாழ்வது போலத் தெரிந்தது. முன்வரிசையில் நின்ற ஒரு பெண்மணி கையைத் தலைக்கு மேல் தூக்கினார். கோலியர்ஸ் வுட்டிலிருந்து வருவதால் அவரை எல்லோரும் கோலியர்ஸ் வுட் அன்ரி என்போம்.

"அம்மன் மூச்சு விடுறா! ஐயோ, பாருங்கோ, அம்மாளாச்சி மூச்சு விடுறா!"

மண்டபம் முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். கனகாலமாகத் தேங்கிக் கிடந்த ஏதோ ஒன்று உடைந்தது போல ஆட்கள் அழுதார்கள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பளிங்கு, அமிலம், வாயு. இதுதான் நடக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. பூசை முடிந்த கையோடு நிர்வாகசபைத் தலைவரைப் பிடித்து, இது கல் கரைகிற கரைச்சல், இனிமேல் தேசிக்காய் ஊற்ற விடாதீர்கள் என்று சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கோயிலுக்காகத் தன் கடையைக்கூடச் சரியாகக் கவனிக்காதவர். "ரீச்சர், எல்லாத்துக்கும் உங்களிட்ட ஒரு விளக்கம் இருக்கு" என்று தோளைக் குலுக்கிச் சிரித்துவிட்டு, பிரசாத வரிசையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் உள்ளே கால் வைக்க இடமில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி பறந்திருந்தது. அப்டன் பார்க்கிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத இளம் பிள்ளைகள் வேலை உடுப்போடு வந்து, எட்டி எட்டி நுரையைப் பார்த்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு பை தேசிக்காய். மடைப்பள்ளியில் இரண்டு பெண்கள் பிழிந்து முடிக்க முடியாமல் விரல் எரிந்து திணறினார்கள். "இவ்வளவு காணுமோ, இன்னும் வேணுமோ?" என்று உள்ளேயிருந்து கேட்பதும், "இன்னும், இன்னும்" என்று வெளியே இருந்து பதில் வருவதுமாக இருந்தது. காணும் என்றால் எங்கள் பேச்சில் போதும்.

அப்படி ஒரு வெள்ளி கழிந்த சனிக்கிழமை காலை ஐயர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ரீச்சர், அம்மனுக்கு ஏதோ செய்யுது. துடைக்கேக்க மேல் சொரசொரக்குது. முந்தி அப்பிடி இல்லை. ஒருக்கா வந்து பாக்க ஏலுமோ?"

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டாக்டரைக் கூப்பிடும் ஆள் பேசுவது போலத்தான் பேசினார். போனேன். கருவறைக்குள் நான் போகக்கூடாது. படிக்கு வெளியே நின்றேன். அவர் உள்ளே நின்று கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார். பளபளப்பு முழுக்கப் போய், சிலை உப்புக்கட்டி போல மங்கியிருந்தது. சாறு இறங்கிய இடமெல்லாம் கன்னத்தில் தடம் விழுந்திருந்தது. இமையின் கோடு மழுங்கியிருந்தது. கீழே பார்த்தேன். கால் விரல்கள் இருந்தன, நகங்கள் இல்லை. நம்பிக்கையில் பாதியும் சந்தேகத்தில் பாதியுமாகக் கோயிலுக்குப் போகிற ஆள் நான். ஆனாலும் அந்த நகமில்லாத விரல்களைப் பார்த்தபோது தாங்கமுடியவில்லை.

மடைப்பள்ளிக்குப் போய் உட்கார்ந்தோம். வாயால் சொன்னால் போதாது என்று தோன்றியது. அம்மனுக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலைத் திறந்து காட்டினேன். லண்டன் தண்ணீர் நிலத்தடிச் சோக்குப் பாறைக்குள்ளால் ஊறி வருவதால், இங்கே எந்த வீட்டுக் கேத்திலுக்குள்ளும் வெள்ளைப் படலம் கட்டியிருக்கும். இதிலும் நன்றாகக் கட்டியிருந்தது. ஒரு தேசிக்காயை வெட்டி அதற்கு மேல் பிழிந்தேன். அதே சீறல், அதே நுரை. ஐயர் குனிந்து, முகத்தைக் கேத்திலுக்குள் விடாத குறையாகப் பார்த்தார்.

"அப்ப அம்மனும் இதுவும் ஒண்டோ?"

"ஒண்டுதான் ஐயா. ஒரே பொருள்."

அவர் மனம் நோகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அவ எல்லா வீட்டுக் கேத்திலுக்குள்ளயும் இருக்கிறா!" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு மெல்ல மிச்சத்தைச் சொன்னேன். இந்த நகரத்துக்கு அடியில் கிடக்கும் சோக்கு முழுவதும் ஒரு காலத்தில் கடலில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடு. பளிங்கும் பழைய கடலடியில் படிந்த சுண்ணாம்புதான். பூமிக்குள் அமுங்கி, வெந்து, இறுகியது. அன்றைக்கு இருந்த காற்றிலிருந்தும் கடல் நீரிலிருந்தும் இந்த வாயுவை எடுத்துத்தான் அந்தக் கல் உருவானது. அமிலம் பட்டால் பூட்டுத் திறந்து, நாம் விடும் மூச்சில் இருக்கும் அதே வாயு வெளியே வருகிறது, மிச்சம் கரைந்து தண்ணீரோடு போகிறது.

"எந்தக் காலத்து வாயு ரீச்சர்?"

"மனிசர் உண்டாகிறதுக்கு எவ்வளவோ முதல்."

"நாங்கள் விடுற மூச்சுத்தானே அது எண்டு சொன்னியள்?"

"ஓம். அதே வாயுதான்."

"அப்ப அன்ரி சொன்னது பிழையில்லை" என்றார் ஐயர். "மூச்சுத்தான்."

பதிலாக வேறொன்று செய்தேன். வெற்றிலைத் தட்டுக்கென்று அங்கே சுண்ணாம்பு வைத்திருந்தார்கள். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலக்கி, நாங்கள் தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை தெளிய விட்டேன். மேலே தெளிந்த நீரைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, ஒரு உறிஞ்சுகுழாயை அதற்குள் விட்டு, "ஊதுங்கோ ஐயா. தப்பித் தவறியும் உறிஞ்சிப்போடாதேங்கோ" என்றேன். அவர் ஊதினார். சங்கு ஊதிப் பழகிய நெஞ்சு, மூச்சு நீளமாக வந்தது. தெளிந்த நீர் புகைந்தது, மங்கியது, பால் போல வெளுத்தது. சற்றுப் பொறுத்து, கோப்பையின் அடியில் வெள்ளைத் தூள் படியத் தொடங்கியது.

"இது என்ன?"

"அதே கல்லுத்தான் ஐயா. உங்கட மூச்சு கல்லாப் போய்க் கிடக்குது."

அவர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போய் நின்றார். வெளியே பேருந்து ஒன்று நின்று ஆட்களை இறக்கியது. நானும் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். இந்த இரண்டு பரிசோதனைகளையும் நான் வெவ்வேறு கிழமைகளில், வெவ்வேறு பாடமாக, பரீட்சைக்கு வரும் வராது என்று சொல்லிச் சொல்லிப் படிப்பித்து வந்திருக்கிறேன். கல்லிலிருந்து மூச்சு வருவதையும் மூச்சிலிருந்து கல் வருவதையும் ஒரே காலையில், ஒரே மேசையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. காற்று கடலுக்குள் போய், ஓடாகி, பாறையாகி, சிலையாகி, ஒரு தேசிக்காய்த் துளியில் திரும்பக் காற்றாகி, இந்த மண்டபத்தில் நின்ற அன்ரியின் நெஞ்சுக்குள்ளும் என் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு காலமும் ஒரு சமன்பாடாக எழுதிப்போட்டு அழித்துக்கொண்டிருந்தோமே என்று ஆச்சரியமாக இருந்தது.

ஐயர் திரும்பியபோது அவர் முகம் வேறு மாதிரி மாறியிருந்தது. "ரீச்சர், வாயு போனால் மிச்சம் கரைஞ்சு தண்ணியோட போகுது எண்டு சொன்னியள். நாங்கள் அந்தத் தண்ணியைத் தீர்த்தம் எண்டு குடிச்சனாங்கள்."

"அதால ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாது ஐயா. சுண்ணாம்புச் சத்துத்தான்."

"நான் அதைக் கேக்கேல்லை. அதுக்குள்ள இருந்தது ஆர்?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் அமர்ந்தார். "அவவின்ர நகத்தையும் கன்னத்தையும் கரைச்சு எல்லாருக்கும் குடுத்திருக்கிறன். என்ர கையால" என்றார். சூடு பார்த்துத் தண்ணீர் வார்த்த கை அது. இன்னும் சில வெள்ளிக்கிழமைகள் இப்படியே போனால் என்ன ஆகும் என்று கேட்டார். முகம் போய்விடும் என்றேன். மூக்கும் உதடும் மழுங்கி, முகமென்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அதைச் சொல்லாமல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரமே தலைவரோடு கதைத்தோம். அவர் கடையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "ஐயா, இந்தக் கோயில்ல இவ்வளவு காலத்தில இப்பதான் இளம் பிள்ளையள் வருகினம். என்ர மகன்கூட வாறான். நுரை இல்லையெண்டா அவங்கள் திரும்பிப் போயிடுவாங்கள். கல்லு தேஞ்சா வேற கல்லு வாங்கலாம். போன பிள்ளையளை எங்க போய் வாங்கிறது?" என்றார். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழும்பும்போது, "உங்கட விசா அலுவலும் வருது. யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார். மிரட்டலாக அவர் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் நிர்வாகத்தின் கையெழுத்து இல்லாமல் ஐயர் இந்த நாட்டில் நிற்க முடியாது என்பதும், அப்படியானால் மனைவியும் மகளும் வரமாட்டார்கள் என்பதும் அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். ஐயர் தலையாட்டினார். நான் அவரிடம், "நான் சொல்லுறன் ஐயா, நீங்கள் பேசாமல் இருங்கோ. என்னை ஒருத்தரும் எங்கயும் அனுப்பேலாது" என்றேன். "ஊத்தினது நான்தானே" என்றார் அவர்.

அடுத்தது ஆடி வெள்ளி. மண்டபம் பிதுங்கி, வெளி நடைபாதையிலும் ஆட்கள் நின்றார்கள். வழமைபோல ஒவ்வொன்றாக நடந்தது. தேசிக்காய்ச் சாற்றுச் செம்பு வந்தபோது கைபேசிகள் எல்லாம் உயர்ந்தன. ஐயர் செம்பை வாங்கினார். ஆனால் அம்மன் பக்கம் திரும்பவில்லை. பூசையில் ஊதும் தன் சங்கை எடுத்து, வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி இடது கையில் ஏந்தி, சாற்றை அதற்குள் ஊற்றினார். மந்திரம் சொல்வதற்கென்று அவர் முன்னால் இருந்த ஒலிவாங்கியைச் சங்கின் வாயருகே பிடித்தார்.

ஒலிபெருக்கிகளில் அந்தச் சத்தம் எழுந்தது. மெல்லிய சீறல், அதற்குள் எண்ணற்ற சின்னச் சின்ன வெடிப்புகள், தூரத்தில் மழை வருவது போல. நான் எத்தனையோ குவளைகளுக்கு மேல் குனிந்திருக்கிறேன். ஒரு மண்டபம் நிறைய அந்தச் சத்தம் கேட்டதை அன்றுதான் அனுபவித்தேன். அழுத குழந்தைகளும் நிறுத்திவிட்டன. சங்கின் விளிம்பைத் தாண்டி நுரை பொங்கி ஐயரின் மணிக்கட்டில் வழிந்தது.

"அம்மன் மூச்சு விடுறா எண்டு சொன்னியள்" என்றார் ஐயர். ஒலிவாங்கி சங்கின் அருகிலேயே இருந்தது, அவர் உரத்துத்தான் பேசினார். "அதை இல்லையெண்டு சொல்ல நான் வரேல்லை. இது கடல்ல கிடந்த ஒரு சீவனின்ர ஓடு. இதுவும் மூச்சு விடுது, கேளுங்கோ. நாங்கள் பிறக்க முதல், எங்கட ஊர் பிறக்க முதல் இருந்த மூச்சு. இப்ப நீங்கள் உள்ள எடுக்கிறது அதைத்தான். ஆனா இது சும்மா வாறேல்லை. உடம்பு கரைஞ்சுதான் வருது. அம்மன்ர காலைப் பாருங்கோ. நகம் இல்லை. நீங்கள் கேக்கக் கேக்க அவ தாறா. தாய் எண்டா தருவாதான். காணும் எண்டு நாங்கள்தான் சொல்லவேணும்."

தலைவர் தூணடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு கோலியர்ஸ் வுட் அன்ரி தன் கையிலிருந்த பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டதைக் கண்டேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "காணும் அம்மா" என்றார், ஐயரைப் பார்த்தல்ல, அம்மனைப் பார்த்து. ஐயர் சங்கைக் கழுவினார். பிறகு வாளித் தண்ணீரை மணிக்கட்டில் தொட்டுப் பார்த்து, அம்மனின் தோளில் மெதுவாக வார்த்தார். வேறு ஒன்றும் ஊற்றவில்லை. அந்தச் சங்கையே அன்றைக்கும் ஊதினார். ஓசை கொஞ்சமும் குறையவில்லை.

எல்லோரும் அன்ரியைப் போல இருந்துவிடவில்லை. வித்தை காட்டுகிறவன் மாதிரி நடந்துகொண்டார் என்று சிலர் சொன்னார்கள். நம்பிக்கையைக் குலைத்துவிட்டார் என்று சிலர். ரீச்சர் சொல்லிக் கொடுத்துத்தான் ஆடினார் என்றும் கதை வந்தது. அதை நான் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். தலைவர் சொன்னது போலவே வெள்ளிக்கிழமைக் கூட்டம் கரைந்தது. அப்டன் பார்க் ஆட்கள் வருவதை நிறுத்தினார்கள். தலைவரின் மகனும் பிறகு வரவில்லை. வருட முடிவில் ஐயரின் விசாவைப் புதுப்பிக்க நிர்வாகசபை கையெழுத்து வைக்கவில்லை. சபைக் கூட்டத்தில் நான் எழும்பிச் சத்தம் போட்டேன், பலனில்லை. விமான நிலையத்துக்கு நானும் அன்ரியும்தான் போனோம். குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டை ஐயர் கழற்றி, ஊரில் இது வேண்டாம், யாருக்காவது கொடுங்கள் என்று அன்ரியின் கையில் தந்தார். சிரித்துக்கொண்டே போனார்.

இப்போது அங்கே வேறு ஐயர். பளிங்கு அம்மனை ஈரத்துணியால் துடைத்து, பட்டு உடுத்தி, மாலை போட்டு விளக்குக் காட்டுகிறார்கள். அபிஷேகத்துக்கென்று ஊரிலிருந்து சின்னதாக ஒரு கருங்கல் அம்மன் வந்திருக்கிறா. அவவுக்கு எதையும் ஊற்றலாம். பளிங்கு அம்மனின் பளபளப்பு திரும்பவில்லை. கன்னத்துத் தடங்கள் அப்படியே இருக்கின்றன. கண்ணும் மூக்கும் உதடும் இருக்கின்றன. ஏன் முகம் மங்கியிருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், அன்ரி பக்கத்தில் நின்றால் அவர் சொல்வார், நான் நின்றால் நான் சொல்வேன். இரண்டு பேரும் சொல்வது ஒரே கதை மாதிரி இருக்காது. ஆனாலும் நான் அவரைத் திருத்துவதில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலை முடிந்து கோயிலுக்குள் நுழைகிற நேரம் பார்த்து ஐயர் வாட்ஸ்அப்பில் அழைத்தார். இடையில் சில வருடங்களாக நல்ல நாட்களுக்குச் செய்தி அனுப்பியதோடு சரி, குரல் கேட்டதில்லை. ஊரில் ஒரு சின்னக் கோயிலில் பூசை செய்கிறாராம். மகள் வளர்ந்து இரசாயனவியல் படிக்கிறாவாம், கேள்வி கேட்டுத் தலையைத் தின்கிறாவாம். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்க, இரண்டு பேரும் சிரித்தோம். அவர் எதற்கு எடுத்தார் என்று எனக்குத் தெரியும். கேட்கட்டும் என்று பொறுத்திருந்தேன்.

"ரீச்சர், அவவின்ர முகம்?"

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்று, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"இருக்கு ஐயா. அப்பிடியே இருக்கு."

"அப்ப நான் லண்டனுக்கு வந்தது வீண்போகேல்லை" என்றார் ஐயர்.